ஓபன்பிஎஸ்டி லேப்டாப்பில் சிம் மோடம்: எந்தக் கார்டு ஒத்துவரும்?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டெல் லாட்டிட்யூட் இ7470 இருக்கிறது, ரிச்சி தெருவில் பழசாக வாங்கியது. ஓபன்பிஎஸ்டி (யுனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு ஓட்டுகிறேன். வைஃபை, திரை, மூடித் திறந்தால் எழுந்துகொள்வது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பின்பக்க விளிம்பில் சிம் போட ஒரு துளை உண்டு. ஆனால் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் மோடம் உட்கார வேண்டிய எம்.2 ஸ்லாட் (சிறு கார்டுகளைச் செருகும் இடம்) காலி.

வேலை விஷயமாகக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் பாதி நாள் போகிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் போட்டு, மாலை ஆவதற்குள் போன் படுத்துவிடுகிறது. கடையில் கேட்டேன். டிடபிள்யூ5811இ என்று ஒரு கார்டு இருக்கிறதாம், டெல்லுக்கென்றே வந்ததாம், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாமாம். விண்டோஸுக்குச் சரி, ஓபன்பிஎஸ்டிக்கு? போட நினைப்பது ஜியோ சிம். வீட்டில் அதே குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டி ஓடும் இன்னொரு லேப்டாப்பும் இருக்கிறது, அதற்கும் இதே கார்டு ஆகுமா? தேடினால் எல்லாம் வின்மோடம் (விண்டோஸை நம்பி ஓடிய பழைய டயல்-அப் மோடம்) காலத்துப் பட்டியல்களாகவே வந்து நிற்கின்றன.

பைட்பாண்டி:
எதுக்கு இந்த வம்பு? போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் யுஆர்என்டிஐஎஸ்0 என்று இன்டர்ஃபேஸ் வந்துவிடும், டிஹெச்சிபி கேட்டால் ஐபி வரும். கேபிளில் இருப்பதால் போனும் சார்ஜ் ஆகும். மோடம் வாங்குகிற காசுக்கு ரீசார்ஜ் பண்ணிவிட்டுப் போகலாம்.

காவிரிக்கரை:
பாண்டி அண்ணே, அதையும் செய்து பார்த்தாயிற்று. வேலை நடுவில் போன் வந்தால் கேபிளோடு எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. துளை இருக்கிற இடத்தில் சிம் போடத்தான் ஆசை.

கர்னல்கனி:
தம்பி, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் பார்த்தது ஒரு பக்கம்தான். மோடம் விஷயத்தில் மூன்று பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்: லேப்டாப், ஆபரேட்டிங் சிஸ்டம், உங்கள் ஊர் டவர். பலரும் நடுவில் இருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு வாங்குகிறார்கள்.

ஓபன்பிஎஸ்டி பக்கம் உங்களுக்குக் கவலையே இல்லை. டிடபிள்யூ5811இ என்பது சியரா வயர்லெஸின் இஎம்7455, மேலே டெல் ஸ்டிக்கர், அவ்வளவுதான். உள்ளே இருப்பது குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ்7. யுஎஸ்பி வழியாக எம்பிஐஎம் என்ற பொது நெறிமுறையில் கணினியோடு பேசும். 2016இல் வந்த ஓபன்பிஎஸ்டி 6.0இலிருந்து யுஎம்பி என்ற டிரைவர் இருக்கிறது, அது எம்பிஐஎம் பேசும் கார்டுகளுக்கென்றே எழுதியது. அதன் மேன் பக்கத்திலேயே (கையேட்டிலேயே) இஎம்7455 பெயர் இருக்கும். ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) எதையும் தனியாக இறக்க வேண்டாம்.

சிக்கல் டவரில். 7455 வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மனதில் வைத்துச் செய்தது. அதில் எல்டிஇ (4ஜி) பேண்ட், அதாவது அலைவரிசை, 1, 3, 5, 7, 41 உண்டு. பேண்ட் 40 கிடையாது, 8 கிடையாது, 28 கிடையாது. ஜியோ 4ஜி ஓடுவது 5, 3, 40 ஆகிய மூன்றில். 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். 3 என்பது 1800. டவுனில் நெரிசலைத் தாங்க 2300இல் இருக்கும் 40ஐத்தான் நம்பியிருக்கிறார்கள். உங்கள் கார்டு 40ஐப் பார்க்கவே பார்க்காது. இணைப்பு வரும். சாயங்காலம் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் மீதி இரண்டில் முட்டி மோதிக்கொண்டிருப்பீர்கள்.

இதே குடும்பத்தில் இஎம்7430 என்று ஒன்று உண்டு. ஆசியா பசிபிக் பகுதிக்கானது. அதே எக்ஸ்7 சிப், அதே 30க்கு 42 மில்லிமீட்டர் அளவு, அதே கீ-பி (ஸ்லாட்டில் பொருந்தும் வெட்டு வகை). பேண்ட் 1, 3, 5, 8, 28, 40, 41 எல்லாம் அதில் இருக்கின்றன. நாளைக்கு ஏர்டெல்லுக்கு மாறினாலும், பிஎஸ்என்எல் 700 மெகாஹெர்ட்ஸுக்குப் போனாலும் (அதுதான் பேண்ட் 28) கைவிடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7430ஐத்தான் தேடுவேன்.

ஸ்காபரோக்காரன்:
கனி அக்கா சொல்வது இங்கே அப்படியே தலைகீழ். கனடாவில் 2, 4, 7, 12, 13 என்றுதான் பேண்ட் ஓடுது. எங்களுக்கு 7455 கொண்டாட்டம், 7430ஐ வாங்கினால் 7ஐப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஊருக்குப் போகும்போது யாராவது "இங்கே மலிவு, வாங்கி வா" என்று சொன்னால் முதலில் பேண்டைக் கேளுங்கோ.

அம்பத்தூர் ஆண்டெனா:
எல்லோரும் டிரைவரைப் பேசுகிறீர்கள், ஒயரை யாரும் கேட்கவில்லை. காவிரி, அடிமூடியைக் கழற்றினீர்களே, அந்தக் காலி ஸ்லாட் பக்கத்தில் மெல்லிய ஆண்டெனா ஒயர் இரண்டு சுருண்டு கிடந்தனவா? வைஃபை கார்டில் மாட்டியிருக்கும் வெள்ளையும் கறுப்பும் வேறு. மோடத்துக்கான இரண்டிலும் சாம்பல் கோடு ஓடும். நுனியில் பிளாஸ்டிக் உறையோ டேப்போ சுற்றியிருப்பார்கள். திங்க்பேடில் என்றால் சிவப்பும் நீலமும்.

அது இல்லையென்றால், அந்த லேப்டாப் மோடம் இல்லாத வகையாகவே தொழிற்சாலையை விட்டு வந்தது. ஆண்டெனா திரையைச் சுற்றி மூடிக்குள் இருக்கும். பின்னால் சேர்ப்பதென்றால் திரைச் சட்டத்தையே பிரிக்க வேண்டும். ஒட்டுகிற ஆண்டெனா விற்கிறார்கள், ஆனால் உலோக மூடிக்குள் ஒட்டிவிட்டு சிக்னல் வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை. பிளாஸ்டிக் இருக்கும் ஓரம் தேட வேண்டும்.

காவிரிக்கரை:
சார், இப்போதுதான் மறுபடி திறந்து பார்த்தேன். சாம்பல் கோடு போட்ட ஒயர் இரண்டு இருக்கின்றன. நுனியில் டேப் சுற்றி பேட்டரி ஓரமாகச் செருகி வைத்திருக்கிறார்கள்.

அம்பத்தூர் ஆண்டெனா:
அப்படியென்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாட்டும்போது மட்டும் நிதானம். எம்.2 கார்டில் இருப்பது எம்ஹெச்எஃப்4 வகைக் கனெக்டர், ரொம்பப் பொடி. பழைய மினி பிசிஐஇ கார்டுகளில் இருந்ததைவிடச் சிறியது, அந்த ஒயர் இதில் ஏறாது. ஒயரின் தலையை கனெக்டர் மேல் நேராக வைத்து, அசையாமல் பார்த்து, பிளாஸ்டிக் குச்சியின் தட்டை முனையால் மேலிருந்து அழுத்துங்கள். டிக் என்று உட்காரும். சாய்வாக நகத்தால் அமுக்கினால் நடு ஊசி மடங்கும், அப்புறம் கார்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கார்டில் மெயின், ஆக்ஸ் என்று எழுதியிருக்கும். வெள்ளை-சாம்பல் மெயினுக்கு, கறுப்பு-சாம்பல் ஆக்ஸுக்கு.

இன்னொன்று. அந்தத் துளை மைக்ரோ சிம்முக்கானது. நானோ சிம்மை பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துப் போடுவீர்கள், சரி. வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் ஊசிகளில் மாட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும்.

சிவப்புப்புள்ளி:
இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம். என்னிடம் இருப்பது திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், ஆறாம் தலைமுறை. உள்ளே ஃபிபோகாம் எல்850-ஜிஎல் இருக்கிறது, ஆண்டெனாவும் மாட்டியே வந்தது. ஓபன்பிஎஸ்டி டிமெஸ்ஜியில் (கர்னல் காட்டும் வன்பொருள் பதிவு) இன்டெல் பெயரோடு ஒரு வரி வந்து, பக்கத்தில் "நாட் கான்ஃபிகர்ட்" என்று நிற்கிறது. எல்850 எம்பிஐஎம் பேசும் என்று படித்தேனே?

கர்னல்கனி:
பேசும், யுஎஸ்பி வழியாக வந்தால். பிசிஐடம்ப் கமாண்டை ஓட்டிப் பாருங்கள், 8086, 7360 என்று ஒரு ஐடி வரும். அதுதான் இன்டெல் எக்ஸ்எம்எம்7360 சிப், உங்கள் லேப்டாப்பில் அது யுஎஸ்பி இல்லாமல் பிசிஐஇ என்ற வேறு இணைப்பு வழியாக உட்கார்ந்திருக்கிறது. அதே எல்850 வேறு சில லேப்டாப்களில் யுஎஸ்பி வழியாக வரும், அங்கே எம்பிஐஎம் டிரைவர் பிடித்துக்கொள்ளும். கார்டு ஒன்றுதான், எந்தக் கம்பியில் பேசுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எம்.2 ஸ்லாட்டில் இரண்டு பாதையும் இருக்கும். 7, 9 ஆம் பின்கள் யுஎஸ்பி 2. பிசிஐஇ வேறு பின்களில். எதில் எழுந்திருப்பது என்பதை லேப்டாப்பும் கார்டின் ஃபர்ம்வேரும் பேசி முடிவு செய்கின்றன. லினக்ஸில் சிலர் ஏசிபிஐ வழியாகக் கார்டை ரீசெட் செய்து யுஎஸ்பி பக்கம் திருப்புகிறார்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் செய்ய வேண்டும், ஓபன்பிஎஸ்டியில் அதற்கு வழி இல்லை.

லினக்ஸிலேயே இந்த 7360 பிசிஐஇ நீண்ட நாள் அநாதையாகக் கிடந்தது. ஒருவர் அதன் பேச்சை அலசிப் பிரித்து, கர்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் எழுதினார். அடுத்த சிப்பான 7560க்குத்தான் (எல்860-ஜிஎல் கார்டு) இன்டெலே ஐஓஎஸ்எம் டிரைவரைக் கொடுத்தது, அது 5.14 கர்னலில் வந்தது. இப்போது லினக்ஸில் மோடங்களை நிர்வகிக்கும் மோடம்மேனேஜரின் புதிய பதிப்புகளில் 7360க்கும் ஆதரவு வந்திருக்கிறது. பிஎஸ்டிக்காரர்களுக்கு அதனால் பயன் இல்லை.

பழைய56கே:
இதைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கதை மறுபடி மறுபடி ஒன்றேதான். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து லேப்டாப்பில் வந்த 56கே மோடம்களில் பெரும்பாலானவை பாதி மோடங்கள். டெலிபோன் கம்பியில் வரும் சத்தத்தை எண்களாக மாற்றும் ஒரு சிப், ஒரு ஆர்ஜே-11 துளை. கார்டில் அவ்வளவுதான். வி.90 (56கே தரம்) மாடுலேஷன், பிழை திருத்தம், ஏடி கமாண்டைப் (மோடத்துக்கான கட்டளை) புரிந்துகொள்வது எல்லாமே விண்டோஸ் டிரைவருக்குள், சிபியு தலையில். சிப் விலை மிச்சம் கம்பெனிக்கு. யுனிக்ஸ்காரனுக்கு மிஞ்சியது வெறும் துளை.

லூசென்ட் சிப் கிடைத்தவன் அதிர்ஷ்டக்காரன். லினக்ஸில் எல்டிமோடம், ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பு வழியாக எல்டிஎம்டிஎம், இரண்டும் உள்ளே ஒரு மூடிய பைனரியை வைத்துக்கொண்டு ஓடும். கோனெக்ஸன்ட் என்றால் லினக்ஸன்ட் விற்ற டிரைவர். காசு கட்டாவிட்டால் 14.4 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஸ்மார்ட்லிங்க் என்றால் எஸ்எல்மோடம்டி, அது ஆல்சா ஒலி டிரைவர் மேல் ஏறி உட்கார்ந்து, மோடத்தை ஒரு சவுண்ட் கார்டு மாதிரி ஓட்டும். கர்னல் ஒரு பதிப்பு ஏறினால் எல்லாம் உடையும். ஓபன்பிஎஸ்டியில் இந்த பைனரி விளையாட்டுக்கே இடமில்லை.

அப்போது நாங்கள் சொன்ன ஒரே பதில்: பின்னால் சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வாங்கு, இல்லையென்றால் உள்ளே நிஜமான யுஏஆர்டி (சீரியல் போர்ட் சிப்) இருக்கும் பிசிஎம்சிஐஏ கார்டு வாங்கு. டிமெஸ்ஜியில் காம் போர்ட் என்று வந்தால் மோடம். வரவில்லையென்றால் பிளாஸ்டிக். இன்றைக்கு இந்த பிசிஐஇ மோடமும் அதே வின்மோடம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

கர்னல்கனி:
ஐயா, வலி ஒன்றுதான், காரணம் வேறு. வின்மோடத்தில் வேலையே சிபியு செய்தது. டிரைவர் எழுத வேண்டுமென்றால் வி.90ஐயே எழுத வேண்டும், அதில் பேட்டண்ட் வேறு. இன்றைய கார்டு அப்படியில்லை. எல்டிஇ முழுவதும் கார்டுக்குள்ளேயே ஓடுகிறது, அதற்கென்று தனிச் செயலி, தனி ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் இருக்கிறது. கர்னலுக்கு வேண்டியது அதோடு எப்படிப் பேசுவது என்ற இலக்கணம் மட்டும்.

யுஎஸ்பியில் அந்த இலக்கணத்துக்கு 2011இல் பொதுத் தரம் வந்துவிட்டது, அதுதான் எம்பிஐஎம். 2012இல் விண்டோஸ் 8 அதற்கான டிரைவரோடேயே வெளிவந்தது, கார்டு செய்கிறவர்கள் எல்லோரும் அதற்கு ஒத்துப்போனார்கள். நமக்காக அவர்கள் செய்யவில்லை, ஆனாலும் பலன் நமக்கு. லினக்ஸ் 3.8இல் சிடிசி-எம்பிஐஎம், பிறகு ஓபன்பிஎஸ்டியில் யுஎம்பி. ஒரே டிரைவர், பல கம்பெனிக் கார்டு.

பிசிஐஇக்குப் போனதும் அந்தப் பொதுத்தன்மை போயிற்று. இன்டெலுக்கு ஒரு வழி, மீடியாடெக்குக்கு டி7எக்ஸ்எக்ஸ், குவால்காமுக்கு எம்ஹெச்ஐ. லினக்ஸில் மூன்றுக்கும் கம்பெனிக்காரர்களே ஆள் வைத்து எழுதுகிறார்கள். பிஎஸ்டிக்கு யார் எழுதுவது? ஆகவே நான் யாருக்கும் சொல்வது, கார்டின் பிராண்டைப் பார்க்காதீர்கள், அது யுஎஸ்பியில் எம்பிஐஎம் ஆக வருமா என்று மட்டும் கேளுங்கள்.

பழைய56கே:
பேட்டண்ட் பக்கம் நான் யோசிக்கவில்லை, சரிதான். ஆனாலும் வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே அம்மா. பெட்டியின் மேல் இரண்டையும் "மோடம்" என்றுதான் எழுதியிருக்கிறான்.

பைட்பாண்டி:
அதனால்தான் சொல்கிறேன், டெதரிங்.

காவிரிக்கரை:
பாண்டி அண்ணே :) ஃப்ரீபிஎஸ்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

சாம்பல்டீமன்:
நான் ஃப்ரீபிஎஸ்டிக்காரன். பழைய பதிப்புகளின் அடிப்படை சிஸ்டத்தில் எம்பிஐஎம் டிரைவர் இல்லை. யு3ஜி என்ற டிரைவர்தான், அது மோடத்தைச் சீரியல் போர்ட்டாகக் காட்டும். சியூஏயூ0.0, சியூஏயூ0.1 என்று போர்ட்டுகள் வரும், அவற்றில் ஒன்று ஏடி கமாண்டுக்குப் பதில் சொல்லும். அதில் பிபிபி (டயல்-அப் காலத்து இணைப்பு முறை) ஓட்டி, *99# டயல் பண்ண வேண்டும். ஆம், 4ஜி மோடத்துக்கும் டயல்தான், பழைய56கே ஐயா சந்தோஷப்படுவார். வேலை செய்யும், ஆனால் பிபிபி வழியாகப் போவதால் கார்டின் முழு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். இதற்கு கார்டு சீரியல் போர்ட்டுகளைக் காட்டும் முறையில் இருக்க வேண்டும். எம்பிஐஎம் மட்டும் காட்டும் முறையில் இருந்தால் யு3ஜிக்குப் பிடிப்பே இருக்காது. ஒரே கார்டை இரண்டு லேப்டாப்புக்கும் மாற்றி மாற்றிப் போட நினைத்தால் ஒவ்வொரு தடவையும் முறையை மாற்ற வேண்டும், அது ஒரு ரோதனை.

நான் செய்வது வேறு. ஹுவாவெய் இ3372 மாதிரி ஹைலிங்க் வகை டாங்கிள். அது தானே ஒரு குட்டி ரௌட்டர். கணினிக்கு யுஎஸ்பி ஈதர்நெட்டாகத் தெரியும், 192.168.8.1இல் அதன் பக்கம் திறக்கும். பிஎஸ்டிகளில் சிடிசிஇ என்ற யுஎஸ்பி ஈதர்நெட் டிரைவர் போதும். முதலில் சிடி டிரைவ் மாதிரி எழுந்து நிற்கும், அதை எஜெக்ட் செய்ய வைக்க ஒரு க்விர்க் (விதிவிலக்கு அமைப்பு) போட வேண்டும், அவ்வளவுதான். அதிலும் பேண்ட் பார்த்து வாங்குங்கள். இ3372ஹெச்-607இல் 40 உண்டு, 153இல் இல்லை.

கர்னல்கனி:
சாம்பல் சொன்னதை ஏற்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி லேப்டாப்புக்கு டாங்கிள், ஓபன்பிஎஸ்டி லேப்டாப்புக்குக் கார்டு.

வாங்குமுன் ஒரு யோசனை. கீ-பி எம்.2 கார்டை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் சிம் துளையோடு கிடைக்கும். லேப்டாப்பையும் நிறுவாமலே பூட் ஆகும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய், உங்கள் சிம்மைப் போட்டு, நெட்வொர்க் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கார்டின் ஸ்டிக்கரில் ஐஎம்இஐ எண் இருக்கும். கேஒய்எம் என்று அடித்து இடம் விட்டு அந்த எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அதன் ஜாதகம் வரும். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய கார்டு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

காவிரிக்கரை:
7430 ஒன்று கிடைத்துவிட்டது. எந்த லேப்டாப் கம்பெனி ஸ்டிக்கரும் இல்லாத தனிக் கார்டு. ஐஎம்இஐ பார்த்தேன், தடை எதுவும் இல்லை. அடாப்டர் கிடைக்காததால் அங்கேயே மாட்டிப் பார்க்க முடியவில்லை, வந்து சேர்ந்ததும் லேப்டாப்பிலேயே மாட்டினேன். ஆண்டெனா சார் சொன்னபடி டிக் என்று உட்கார்ந்தது. ஆனால் டிமெஸ்ஜியில் சியரா வயர்லெஸ் என்று ஒரு வரி வருகிறது, யுஎம்பி0 வரவில்லை. கார்டு கெட்டதா?

கர்னல்கனி:
கெடவில்லை, வேறு வேஷத்தில் இருக்கிறது. சியரா கார்டுகள் யுஎஸ்பியில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தங்களுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும். லேப்டாப் கம்பெனி வழியாக வந்தவை பெரும்பாலும் எம்பிஐஎம் ஆக இருக்கும். தனியாக விற்பவை க்யூஎம்ஐயும் (குவால்காமின் சொந்த நெறிமுறை) சீரியல் போர்ட்டுமாக இருக்கலாம். ஓபன்பிஎஸ்டிக்கு க்யூஎம்ஐ தெரியாது. ஒரு தடவை மாற்றினால் போதும், கார்டு நினைவில் வைத்துக்கொள்ளும்.

லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். மோடம்மேனேஜர் சேவையை நிறுத்துங்கள், இல்லையென்றால் நடுவில் புகுந்து குழப்பும். சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் வைத்து டிடிஒய்யுஎஸ்பி2ஐத் திறந்து ஏடிஐ என்று அடித்தால் மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண் எல்லாம் வரும். பிறகு ஏடி!என்டர்சிஎன்டி, சமக்குறி, மேற்கோளுக்குள் ஏ710. இது பூட்டைத் திறப்பது. அடுத்து ஏடி!யுஎஸ்பிகாம்ப், சமக்குறி, கேள்விக்குறி. எந்தெந்த முறைகள் உண்டு என்று கார்டே பட்டியல் போடும். அதில் எம்பிஐஎம் இருக்கும் முறையைத் தேர்ந்து எழுதிவிட்டு ஏடி!ரீசெட். வேறு எதையும் தொடாதீர்கள். அந்தப் பூட்டுக்குப் பின்னால் கார்டை ஒரேயடியாகத் தூங்க வைக்கும் கமாண்டுகளும் இருக்கின்றன.

அங்கேயே இருக்கும்போது ஏடி!இம்ப்ரெஃப் கேள்விக்குறி அடித்துப் பாருங்கள். அமெரிக்க ஆபரேட்டர் ஒருவரின் ஃபர்ம்வேர் தேர்வாகியிருந்தால் ஜெனரிக் என்று மாற்றிவிடுங்கள்.

காவிரிக்கரை:
வந்துவிட்டது! யுஎம்பி0 தெரிகிறது. ஃபர்ம்வேர் ஏற்கெனவே ஜெனரிக்தான். ஏபிஎன் இடத்தில் ஜியோநெட் என்று கொடுத்து அப் செய்தேன். ஐஎஃப்கான்ஃபிக்கில் "ஹோம் நெட்வொர்க்", "எல்டிஇ", சிக்னல் மைனஸ் 77 டிபிஎம், கீழே ஐஎம்இஐ, சிம் எண், டிஎன்எஸ் எல்லாம் வரிசையாக வருகின்றன. இறக்க 300, ஏற்ற 50 எம்பிபிஎஸ் என்று கார்டின் வேகமும் காட்டுகிறது, அது கனவு என்று தெரியும். ஐபிவி4 தளங்கள் ஓடுகின்றன. ஐபிவி6 மட்டும் வரவில்லை.

கர்னல்கனி:
யுஎம்பியில் ஐபிவி6 வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸ் அப் ஆவதற்கு முன்பே லிங்க்-லோக்கல் முகவரி இருக்க வேண்டும். ஹோஸ்ட்நேம்.யுஎம்பி0 ஃபைலில் முதலில் ஐநெட்6 இயூஐ64, அடுத்து ஏபிஎன் வரி, கடைசியில் அப். இந்த வரிசை முக்கியம். ஜியோ ஐபிவி6ஐ அதிகம் நம்பும் நெட்வொர்க், அது இல்லாமல் விடாதீர்கள். சிம்முக்கு பின் நம்பர் (ரகசிய எண்) போட்டிருந்தால் அதே ஃபைலில் அதற்கான வரியும். ஃபைலை வேறு யாரும் படிக்க முடியாதபடி உரிமையைக் குறைத்து வையுங்கள்.

காவிரிக்கரை:
வரிசையை மாற்றியதும் ஐபிவி6 வந்துவிட்டது. நன்றி அக்கா. இந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை லேப்டாப்பில் எப்படிப் படிப்பது?

கர்னல்கனி:
ஓபன்பிஎஸ்டியில் முடியாது. யுஎம்பி ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், எஸ்எம்எஸ் அதன் வேலையில்லை. லினக்ஸ் என்றால் எம்எம்சிஎல்ஐ வைத்துப் படிக்கலாம். பேங்கோடும் ஆதாரோடும் இணைத்த எண்ணை இதில் போடாதீர்கள். டேட்டாவுக்கென்று தனி சிம் வாங்குங்கள்.

பைட்பாண்டி:
ஆக, கார்டு, ஒரு புதுச் சிம், அதற்கு ஒரு ரீசார்ஜ். நான் முதலிலேயே சொன்னேன்.

ஸ்காபரோக்காரன்:
பாண்டி, நாலு மணி நேரம் ரயிலில் இருந்துகொண்டு வேலை செய்து பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ. மூடியைத் திறந்ததும் நெட் இருக்கிற சுகம் டெதரிங்கில் இல்லை.

டெல்டாபுரோகிராமர்:
இதையெல்லாம் படித்து ஆசை வந்துவிட்டது. எப்படியும் வாங்கத்தான் போகிறோம், நேராக 5ஜி கார்டாகவே வாங்கி இ7470இல் போட்டால் என்ன?

அம்பத்தூர் ஆண்டெனா:
முதலில் அளவு. 5ஜி கார்டுகள் பெரும்பாலும் 3052, பத்து மில்லிமீட்டர் நீளம் கூடுதல், திருகு போடும் இடம் தாண்டிவிடும். பல கார்டுகளுக்கு நான்கு ஆண்டெனா வேண்டும், உங்களிடம் இருப்பது இரண்டு. சூடும் அதிகம்.

கர்னல்கனி:
புது லேப்டாப்களில் வரும் ஃபிபோகாம் எஃப்எம்350 மீடியாடெக் சிப், பிசிஐஇ. அதற்கு லினக்ஸ் 5.19இலிருந்து டி7எக்ஸ்எக்ஸ் இருக்கிறது, பிஎஸ்டிக்கு ஆகாது. க்வெக்டெல் ஆர்எம்520என்-ஜிஎல் மாதிரி யுஎஸ்பியிலும் பேசும் கார்டை ஏடி கமாண்ட் மூலம் எம்பிஐஎம்முக்கு மாற்றலாம். அதை யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வெளியே வைத்துக்கொள்வது தேவலை.

சிவப்புப்புள்ளி:
எனக்கு ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் அக்கா. எல்850ஐக் கழற்றிவிட்டு எக்ஸ்1இல் 7430 போட்டால்?

கர்னல்கனி:
திங்க்பேடில் ஒரு காவல்காரர் உண்டு. பயாஸ் தனக்குத் தெரிந்த மோடம் கார்டுகளின் பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இல்லாததை மாட்டினால் 1802 என்ற எண்ணோடு, அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்று சொல்லிப் பூட் ஆகாமல் நிற்கும். டெல்லில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் காவிரிக்குச் சுலபமாக முடிந்தது.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. லெனோவோவுக்கென்று வந்த 7455 போன்ற கார்டுகளில் ரேடியோ அணைந்தபடியே வரும். லேப்டாப், ஆண்டெனா, கார்டு மூன்றையும் சேர்த்துத்தான் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி கொடுக்கிறது, எனவே சரியான லேப்டாப்பில் இருக்கிறேன் என்று கார்டுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த 7455இன் ஐடி யுஎம்பி டிரைவருக்குத் தெரியும், தானே திறந்துவிடும். லினக்ஸில் மோடம்மேனேஜர் 1.18.4க்குப் பிறகு தானாகத் திறப்பதில்லை, எஃப்சிசி-அன்லாக் ஸ்கிரிப்டை நீங்களே இயக்கி வைக்க வேண்டும். பலர் இதைத்தான் "கார்டு தெரிகிறது, சிக்னல் இல்லை" என்று வந்து கேட்கிறார்கள்.

உங்கள் மாடலின் ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவலை இறக்கி, மோடம் கார்டு என்ற தலைப்பின் கீழ் எந்தெந்த எஃப்ஆர்யு (உதிரிபாக) எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சியரா பெயரில் ஏதாவது இருந்தால் எண்ணை இங்கே போடுங்கள், யுஎஸ்பியா என்று பார்த்துச் சொல்கிறேன். எல்850 மட்டும் என்றால் சாம்பல் சொன்ன டாங்கிள்தான்.

சிவப்புப்புள்ளி:
பார்த்துவிட்டேன். எல்850 மட்டும்தான் இருக்கிறது. சாம்பல் அண்ணே, அந்த 607 இப்போது எங்கே கிடைக்கிறது?